போனாரா, போயிருக்கிறாரா?

ஆங்கிலம் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், மஃரிபுத் தொழுகைக்குப் பின் பாடப் புத்தகங்கள் விரிக்கப்படும் வேளையில், ஏதேனும் ஒரு நாள் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. ‘ஐ ஸா ஹிம்’ என்பதற்கும் ‘ஐ ஹேவ் ஸீன் ஹிம்’ என்பதற்கும் வேறுபாடு யாது? இரண்டும் பார்த்து முடித்த செய்தியைத்தானே சொல்லுகின்றன? முடிந்துபோன ஒன்றைச் சொல்ல இரண்டு வடிவங்கள் எதற்கு?

ஆசிரியர்கள் கற்பிக்கும் விதி எளிமையானது. நேற்று, சென்ற ஆண்டு, 1954-இல் என்று காலத்தைக் குறித்துவிட்டால் முதல் வடிவம். காலத்தைக் குறிக்காமல், செயலின் பயன் இன்றும் இருப்பதைக் காட்டினால் இரண்டாம் வடிவம். பிள்ளைகள் இதை மனனம் செய்கிறார்கள். தேர்வில் மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். விதியில் பிழையில்லை. ஆயினும் அந்த விதிக்குள்ளே இலக்கண ஆசிரியரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு செயல் முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? செய்தவனுக்கா, அச்செயலின் பயனையோ பாதிப்பையோ இன்றும் சுமந்துகொண்டிருப்பவனுக்கா? இக்கேள்வியையே இங்கே ஆராய விழைகிறோம்.

புதுச்சேரியில் வாழும் நமக்கு இந்த இலக்கணச் சிக்கல் மற்றவர்களுக்கு இருப்பதைவிட ஒரு முடிச்சு கூடுதலாகவே உண்டு. நம் பாட்டனார்களுள் பலர் பிரெஞ்சு படித்தவர்கள். ‘நேற்று அவரைப் பார்த்தேன்’ என்பதற்கு அம்மொழியின் அன்றாடப் பேச்சில் வழங்குவது ‘பசே கொம்போசே’ என்னும் கூட்டுக் காலவடிவம். ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்னும் துணைவினை நிற்கும் இடத்தில் பிரெஞ்சிலும் அதே பொருளுள்ள துணைவினை நிற்கிறது. ஆனால் ஆங்கிலேயனுக்கு ‘ஐ ஹேவ் ஸீன் ஹிம் எஸ்டர்டே’ என்பது பிழை. பிரெஞ்சுக்காரனுக்கோ அதே அமைப்பு செவ்விய வாக்கியம். பிரெஞ்சு அறிந்த பாட்டனார் திருத்தியதை ஆங்கில ஆசிரியர் அடித்துவிடுவார். பிள்ளை இருவரையும் மாறிமாறிப் பார்க்கும்.

பிரெஞ்சுக்காரர்களும் ஒரு காலத்தில் இவ்வளவு தாராளமாக இருந்தவர்கள் அல்லர். 1660-இல் வெளியான போர்-ரோயால் இலக்கண நூல் ஒரு விசித்திரமான விதியைப் பதிவு செய்திருக்கிறது. இன்று நடந்ததைக் கூட்டு வடிவத்தால் சொல்ல வேண்டும். குறைந்தது ஓர் இரவேனும் கடந்துபோனதற்குத்தான் தனி இறந்தகால வடிவம் உரியது. இதை இருபத்து நான்கு மணி நேர விதி என்று பின்வந்தோர் அழைத்தனர். ஓர் இரவு உறங்கி எழுந்துவிட்டால் நேற்றைய செயல் நம்மைவிட்டு நீங்கிவிடுகிறது என்பது எவ்வளவு வசதியான ஏற்பாடு! சகோதரன் ஒருவனோடு பிணங்கியிருக்கும் நாட்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று நாள் எல்லை வகுத்திருப்பதை இங்கே நினைத்துக்கொள்கிறோம். மனித மனத்தின் சினம் இலக்கணத்தைவிடத் தாமதமாகவே இறந்தகாலத்துக்குள் செல்லும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நாளடைவில் அந்தத் தனி வடிவம் பிரெஞ்சுப் பேச்சிலிருந்து மறைந்து, வரலாற்று நூல்களிலும் கதைகளிலும் மட்டும் தங்கிவிட்டது. மொழியறிஞர் பென்வெனிஸ்ட் 1959-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு நல்ல விளக்கம் தந்தார். தனி வடிவத்தில் சொல்லப்படும்போது நிகழ்ச்சிகள் தாமாகவே நடந்தவைபோல் நிற்கின்றன. சொல்பவன் அங்கே இல்லை. கூட்டு வடிவத்தில் சொல்பவன் நிற்கிறான், அவனுடைய ‘இப்போது’ நிற்கிறது. கூட்டு வடிவம் என்பது சாட்சி சொல்பவனின் காலம் என்று நாம் இதைச் சுருக்கிக்கொள்ளலாம்.

இனி நம் தாய்மொழிக்கு வருவோம். ‘வந்தான்’ என்பது ஒன்று. ‘வந்திருக்கிறான்’ என்பது வேறொன்று. இரண்டாவதைப் பிரித்துப் பார்த்தால் ‘வந்து, இருக்கிறான்’ என்று நிற்கிறது. வந்த செயல் முடிந்தது. வந்ததன் விளைவாகிய இருப்பு முடியவில்லை. ஆங்கிலமும் பிரெஞ்சும் ‘உடையவனாயிருத்தல்’ என்னும் பொருளுள்ள துணைவினையால் காட்டுவதைத் தமிழ் ‘இரு’ என்னும் துணைவினையால் காட்டுகிறது. அவர்களுக்கு முடிந்த செயல் ஓர் உடைமை. நமக்கு அது ஓர் இருப்பு. மேலும் ஒரு நுட்பம் உண்டு. காலையில் கதவைத் திறந்ததும் ஈரமான தெருவைப் பார்த்து, ‘மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். பெய்ததை நாம் கண்டதில்லை, தடயம் சொல்லுகிறது. ‘மழை பெய்தது’ என்று சொல்ல, நனைந்தவனோ விழித்திருந்தவனோ வேண்டும். ஆகவேதான் ‘நேற்று வந்திருக்கிறார்’ என்று காலத்தைக் குறித்த பிறகும் தமிழில் சொல்ல முடிகிறது. நமக்குப் பின்னர்த் தெரியவந்தது என்பது அதன் பொருள். இந்த வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் பிள்ளைக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு கிடைக்கும். அப்பிள்ளை மூடத்தனமாகப் பிழை செய்யவில்லை, தமிழில் சரியாகச் சிந்தித்துவிட்டது என்பதையாவது பெற்றோர் அறிந்துகொள்ளட்டும்.

ஓரிடத்தில் மட்டும் ஆங்கிலம் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் காட்டுவதில்லை. ‘அவர் மக்காவுக்குப் போயிருக்கிறார்.’ இதற்கு இரண்டு பொருள். ஒன்று, இப்போது அங்கே இருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. மற்றொன்று, வாழ்நாளில் ஒருமுறை போய்வந்தவர், அதோ திண்ணையில் அமர்ந்திருக்கிறார். ஆங்கிலம் முதலாவதற்கு ‘ஹேஸ் கான்’ என்றும் இரண்டாவதற்கு ‘ஹேஸ் பீன்’ என்றும் சொல்லும். நாம் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். திரும்பாதவரும் திரும்பிவந்தவரும் ஒரே வினைச்சொல்லுக்குள் இருக்கிறார்கள்.

திரும்பாதவர் என்றதும் நம் ஊர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனையோ முஸ்லிம் குடும்பத்து ஆண்கள் கப்பலேறிச் சைகோனுக்குப் போனார்கள். துணிக்கடை வைத்தவர்கள் உண்டு, வட்டாரக் கணக்கு எழுதியவர்கள் உண்டு, அரசாங்க வேலை பார்த்தவர்களும் உண்டு. இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் அவ்வூரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் எழுப்பிய பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடைபெறுகிறது. போனவர்களுள் திரும்பிவந்து வீடு கட்டியவர்களை ஊர் அறியும். திரும்பாதவர்களை அவர்களுடைய வீடுகள் மட்டுமே அறியும். 1939 முதல் 1945 வரை நடந்த உலகப் போரில் கடல்வழித் தபால் குலைந்து, கடிதங்கள் நின்றன. சில கடிதங்கள் போருக்குப் பின் மீண்டும் வந்தன, சில வரவேயில்லை.

கடிதம் நின்றுபோன வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளிடம் யாரேனும் விசாரித்தால் அவள் எந்தக் காலவடிவத்தில் விடை சொல்வாள்? ‘அவர் சைகோனுக்குப் போயிருக்கிறார்’ என்பாள். ஐந்து ஆண்டுகள் கழித்தும் அவ்வாறே சொல்வாள். ‘போனார்’ என்று சொல்லிவிட்டால் எதையோ தன் கையாலேயே மூடிவிட்டதாகிவிடும். ஊராரோ மெல்ல மெல்ல மாற்றிக்கொள்வார்கள். முதலில் ‘போயிருக்கிறார்’ என்பார்கள். பிறகு ‘போனவர்தான்’ என்பார்கள். அந்த ஒரு விகுதி மாற்றத்துக்குள் ஒரு பெண்ணின் இளமை, அவளுடைய மறுமணம், பிள்ளைகளின் சொத்துரிமை அனைத்தும் அடங்கியிருக்கின்றன. இலக்கணம் வெறும் பள்ளிக்கூட விவகாரம் என்று நினைப்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளனர்.

ஃபிக்ஹு நூல்கள் காணாமற்போன கணவனை ‘மஃப்கூத்’ என்று அழைக்கின்றன. அவனைப் பற்றிய சட்டம் உண்மையில் காலவடிவம் பற்றிய ஆராய்ச்சியே ஆகும். அவன் உயிரோடிருந்தான் என்பது உறுதி. இறந்தான் என்பது ஐயம். உறுதியை ஐயத்தால் நீக்கக் கூடாது. ஆகவே ஹனஃபி அறிஞர்கள், அவனுடைய வயதொத்தவர்கள் இறந்துபோகும் வரை, சிலர் கருத்துப்படி அவனுக்குத் தொண்ணூறு வயதாகும் வரை, அவனை உயிருள்ளவனாகவே கொண்டனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் முதலில் நான்கு ஆண்டுக் காத்திருப்பைக் கூறி, பின்னர்த் தந்த முடிவில் மரணம் உறுதிப்படும் வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்றார்கள். மாலிக்கி மத்ஹபோ கலீஃபா உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை அடியொற்றி, நான்கு ஆண்டு காத்திருந்து, பிறகு கணவனை இழந்தவளுக்குரிய நான்கு மாதம் பத்து நாள் இத்தாவும் இருந்தால் அவள் விடுபடுவாள் என்றது.

தர்க்கத்தை மட்டும் பார்த்தால் முதற்கூறிய அறிஞர்களின் வாதம் பலமானதே. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லக் கூடாது என்பது சத்தியத்துக்குச் செய்யும் மரியாதை. ஆனால் அந்த மரியாதைக்கான செலவை யார் செலுத்துவது? இருபது வயதில் விடப்பட்ட ஒருத்தி எழுபது ஆண்டுகள் ‘போயிருக்கிறார்’ என்னும் ஒரு சொல்லில் வசிக்க வேண்டுமா? இந்த இடத்தில் மாலிக்கி மத்ஹபு எடுத்த முடிவே நமக்கு உவப்பானது. பிரிட்டிஷ் இந்தியாவில் இந்த இடுக்கண் பெருகியபோது ஹனஃபி உலமாக்களே மாலிக்கி முடிவை எடுத்தாள முன்வந்தனர். அதன் விளைவாக 1939-இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் பிறந்தது. கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியாவிடில் மனைவி தீர்ப்புப் பெறலாம் என்பது அதன் முதற் காரணமாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

அச்சட்டத்தில் நம்மை வியக்கச் செய்வது ஒரு சிறு நிபந்தனை. இந்தக் காரணத்தின்பேரில் தரப்படும் தீர்ப்பு ஆறு மாதங்கள் வரை செயலுக்கு வராது. அதற்குள் கணவன் தானோ தன் பிரதிநிதி மூலமோ வந்து, குடும்பக் கடமையை நிறைவேற்ற ஆயத்தமாயிருப்பதாக நீதிமன்றத்துக்கு மனநிறைவு உண்டாக்கினால், தீர்ப்பு நீக்கப்பட வேண்டும். தீர்ப்பு எழுதியாயிற்று, ஆனால் முடிந்தபாடில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைப் போடாமல் ஆறு மாதம் விட்டுவைக்கிறது சட்டம். சொத்து முதலிய மற்றைய வழக்குகளில், ஏழாண்டுக் காலம் செய்தி இல்லாதவர் இறந்தவராகக் கருதப்படலாம் என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. ஏழு என்பதும் நான்கு என்பதும் இயற்கையில் உள்ள எண்கள் அல்ல. எங்கேனும் ஓரிடத்தில் ‘போயிருக்கிறார்’ என்பதை ‘போனார்’ என்று மாற்றியாக வேண்டும் என்பதற்காக மனிதர்கள் தம் பொறுப்பில் இட்ட கோடுகள் அவை.

தனிமனிதருக்கு நேர்வது ஊருக்கும் நேரும். நம் புதுச்சேரியே எட்டு ஆண்டுக் காலம் இரண்டு காலவடிவங்களுக்கு நடுவே வாழ்ந்த ஊர். 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். எட்டுப் பேர் எதிர்த்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. மூவர்ணக் கொடி ஏறியது. எல்லாம் முடிந்துவிட்டதென்று யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் உரிமை மாற்ற ஒப்பந்தம் 1956 மே 28-இல்தான் கையெழுத்தாயிற்று. அதற்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்துப் பத்திரங்கள் பரிமாறப்பட்டது 1962 ஆகஸ்ட் 16-இல். இடைப்பட்ட காலத்தில் இவ்வூரில் இந்திய அதிகாரிகள் ஆண்டார்கள். சட்டத்தின் கண்ணில் இறையாண்மை இன்னும் பிரான்சிடமே இருந்தது. ஆட்சி மாறியது, உரிமை மாறியிருக்கவில்லை. முல்லா வீதியிலோ காஜியார் வீதியிலோ 1958-இல் பிறந்த ஒரு குழந்தை எந்த நாட்டின் குழந்தை என்று கேட்டால், அன்றாட வாழ்க்கை ஒரு விடை சொல்லியிருக்கும், சட்டப் புத்தகம் வேறொரு விடை சொல்லியிருக்கும்.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது இன்னொரு வாயிலும் திறந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆவர். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். சிலர் அறிவித்தார்கள். பலர் அறிவிக்கவில்லை, அப்படி ஒரு கெடு இருப்பதையே அறியாதோரும் இருந்திருப்பர். 1963 பிப்ரவரியில் அவ்வாயில் மூடியது. ஒரு தாளில் இட்ட கையெழுத்து ஒரு நாள் வேலை; ஆனால் அதன் இருப்பு பேரப்பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுகளில் இன்றும் தொடர்கிறது. ஜூலை 14-ஆம் நாள் பதக்கங்கள் அணிந்து அணிவகுக்கும் பழைய ‘சொல்தா’க்களைக் கண்டவர்கள், ‘தேர்ந்துகொண்டார்’ என்பதைவிடத் ‘தேர்ந்துகொண்டிருக்கிறார்’ என்பதே அவர்களுக்குப் பொருந்தும் சொல் என்பதை ஒப்புவர்.

சட்டத்தின் பேச்சு வந்துவிட்டதால் ஒப்பந்த மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நிக்காஹ் மஜ்லிஸில் ‘மணமுடித்துத் தந்தேன்’ என்று வலி சொல்ல, ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று மணமகன் சொல்கிறார். அரபியிலும் இறந்தகால வினைகளே. விற்பனையிலும் அவ்வாறே: ‘விற்றேன்’, ‘வாங்கினேன்’. ஆங்கிலேயன் இத்தகைய இடங்களில் ‘ஐ ப்ராமிஸ்’ என்று நிகழ்காலத்தால் பேசுகிறான். நம்மவர்கள் இறந்தகாலத்தைத் தேர்ந்ததற்கு ஃபிக்ஹு அறிஞர்கள் காரணம் கூறுகிறார்கள்: நிகழ்கால வடிவம் ‘தரப்போகிறேன்’ என்னும் வருங்காலத்துக்கும் இடமளிக்கும், இறந்தகாலத்தில் அந்த நழுவலுக்கு இடமில்லை. இனி வர வேண்டியதன் உறுதியைக் காட்ட இறந்தகால வினையை ஆளுவதைத் திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் விரிவுரையாளர்கள் சுட்டுவர். தொல்காப்பியர் இதையே விரைவு குறித்து அனுமதித்தார். இன்னும் உண்டுகொண்டிருப்பவன், வாசலில் அழைப்பவனுக்கு ‘உண்டேன், வந்தேன்’ என்று குரல் கொடுப்பதை உரையாசிரியர்கள் காட்டுவார்கள். நம் வீடுகளில் ‘இதோ வந்துவிட்டேன்’ என்ற குரல் எழுந்து அரை மணி நேரமாகியும் ஆள் வராமலிருப்பது தொல்காப்பியருக்கு உடன்பாடா என்பதை நாம் அறியோம்!

இகாமத் சொல்லும்போது முஅத்தின் ‘கத் காமதிஸ் ஸலாத்’ என்கிறார். இறந்தகால வினையின் முன் ‘கத்’ என்னும் இடைச்சொல் வந்தால் அச்செயல் நிகழ்காலத்தை நெருங்கிவிடும் என்று அரபு இலக்கணிகள் கூறி, இந்த வாக்கியத்தையே உதாரணமாகக் காட்டினர். ஆங்கிலத்தின் ‘ஹேஸ்’ செய்யும் வேலையை அங்கே ‘கத்’ செய்கிறது.

இப்போது மேலே எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். ‘வாக்குக் கொடுத்தேன்’ என்பவனையும் ‘வாக்குக் கொடுத்திருக்கிறேன்’ என்பவனையும் கவனியுங்கள். முன்னவனுடைய வாக்கியத்துக்குப் பின்னால் ஓர் ‘ஆனால்’ காத்திருக்கிறது. பின்னவன் இன்னும் அந்த வாக்குக்குள்ளேயே நிற்கிறான். நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. நாம் பட்ட கடனையும் நாம் இழைத்த தீங்கையும் தனி இறந்தகாலத்தில் சொல்வோம்: ‘வாங்கினேன்’, ‘ஏதோ நடந்தது’. பிறர் செய்தவற்றையோ கூட்டு வடிவத்தில் சேமித்து வைப்போம்: ‘இருபது ஆண்டுக்கு முன் அவர் செய்திருக்கிறார், தெரியுமா?’ அவர் வருந்தித் திருந்தி, உரியவரிடம் மன்னிப்பும் பெற்றிருக்கலாம். ஊர் மட்டும் ‘இருக்கிறார்’ என்பதை விடாது.

உதவியிலும் இதே புரட்டு நிகழ்கிறது. ‘அவனுக்கு எவ்வளவோ செய்திருக்கிறேன்’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் கொடுத்தது இன்னும் கைமாறவில்லை என்றே பொருள். கொடுத்ததின் ஒரு முனையைக் கையிலேயே பிடித்திருக்கிறார். தருமத்தைச் சொல்லிக்காட்டுதல் அதனை வீணாக்கிவிடும் என்று பகரா அத்தியாயம் எச்சரிப்பதை நாம் அறிவோம். கொடுத்தவனுக்கு உரிய காலம் ‘கொடுத்தேன்’ என்பது. முடிந்தது, கை கழுவியாயிற்று. ‘கொடுத்திருக்கிறார்’ என்பது பெற்றவனுக்கு உரியது. இருவரும் தத்தம் காலத்தை மாற்றிக்கொண்டால், அதாவது பெற்றவன் ‘கொடுத்தார், அவ்வளவுதானே’ என்றும், கொடுத்தவன் ‘கொடுத்திருக்கிறேனே’ என்றும் பேசத் தொடங்கினால், அங்கே உறவு கெடுகிறது. சொந்தக்காரர்களுக்கிடையே மூளும் சச்சரவுகளில் பாதி இந்த இலக்கணப் பிழையால் வருபவை என்பது எம் கருத்து.

அப்படியானால் தீங்கு செய்தவன் என்றென்றும் கூட்டு வடிவத்திலேயே கட்டுண்டு கிடக்க வேண்டுமா? இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தௌபாவைப் பற்றி எழுதும்போது அச்செயலை மூன்று காலங்களோடும் பொருத்துகிறார்கள். நிகழ்காலத்தில் குற்றத்தை விடுதல். வருங்காலத்தில் அதன் பக்கம் திரும்புவதில்லை என்ற உறுதி. இறந்தகாலத்தைப் பொறுத்தமட்டில், ஈடுசெய்யக்கூடியதை ஈடுசெய்தல். இந்த மூன்றாவதே நம் கேள்விக்கு விடை. இறந்தகாலம் தானாக இறந்துவிடுவதில்லை. பிறருடைய ஹக்கு அதில் கலந்திருந்தால் அதைத் திருப்பித் தந்த பிறகே அது இறந்தகாலமாகும். இருபத்து நான்கு மணி நேரத்தால் ஆவதும் அன்று, இருபத்து நான்கு ஆண்டுகளால் ஆவதும் அன்று. ஆனால் திருப்பிக் கொடுத்துவிட்டால் அதைப் பின்னும் ‘செய்திருக்கிறான்’ என்று சொல்லும் அதிகாரம் ஊராருக்கு இல்லை.

செய்தவன் இறந்துவிட்டால்? ஆங்கில இலக்கணத்தில் இதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. 1955-இல் மறைந்த ஐன்ஸ்டீனைக் குறித்து, ‘ஐன்ஸ்டீன் ஹேஸ் விஸிட்டட் பிரின்ஸ்டன்’ என்று இன்று சொன்னால் ஆங்கிலேயன் காதில் ஏதோ இடறுகிறது. அவர் உயிரோடிருப்பதுபோல் ஒலிக்கிறது. அதே செய்தியைத் திருப்பி, பிரின்ஸ்டன் நகரம் ஐன்ஸ்டீனால் பார்க்கப்பட்டிருக்கிறது என்று நகரத்தை எழுவாயாக்கினால் இடறல் இல்லை. நகரம் இன்றும் இருக்கிறதன்றோ! தமிழ் இவ்வளவு கண்டிப்பானதன்று. உமறுப் புலவர் சீறாப்புராணத்தைப் பாடியிருக்கிறார் என்று நாம் தயக்கமின்றிச் சொல்கிறோம். பாடியவர் போனாலும் பாட்டு இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தின் கண்டிப்பிலும் ஒரு நீதி இருக்கிறது. செய்தவன் போய்விட்டாலும் வாக்கியம் முடிந்துவிடுவதில்லை. எழுவாய் மட்டும் மாறுகிறது. ‘அவர் கடன் வாங்கியிருக்கிறார்’ என்று சொல்ல முடியாமற் போகலாம். ‘கடன் அடைக்கப்பட்டிருக்கவில்லை’ என்பதைச் சொல்லத் தடையில்லை. வாரிசுரிமை வசனங்கள் பாகப்பிரிவினைக்கு முன் கடனைத் தீர்க்கச் சொல்வதும் இதனாலேயே.

நம் ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன், மய்யித்தின் மகனோ சகோதரனோ எழுந்து, கொடுக்கல் வாங்கல் ஏதேனும் இருந்தால் தம்மிடம் தெரிவிக்குமாறு சொல்வதுண்டு. பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்று அதற்குப் பின்னணியாய் இருக்கிறது. ஒருவருடைய ஜனாஸா கொண்டுவரப்பட்டது. அவருக்கு இரண்டு தீனார் கடன் இருப்பது தெரிந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் தாமாகத் தொழுவிக்க முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழுவித்தார்கள். ஒரு நாள் சென்றபின், அந்த இரண்டு தீனார் என்னவாயிற்று என்று அவரிடம் விசாரித்தார்கள். அவர் நேற்றுத்தானே இறந்தார் என்று விடை வந்தது. மறுநாள் மீண்டும் விசாரித்தபோது, கொடுத்துவிட்டதாக அபூகதாதா சொன்னார்கள். அதன் பிறகே, இறந்தவருடைய மேனி இப்போது குளிர்ந்தது என்ற பொருள்பட நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்ததாக ஹதீஸ் அறிவிக்கிறது. கடனை ஏற்றுக்கொண்ட அன்று குளிரவில்லை. நல்லடக்கம் செய்த அன்றும் குளிரவில்லை. அரபியில் அது ‘இப்போது’ என்னும் சொல்லோடு இறந்தகால வினையைச் சேர்த்த வாக்கியம். அதை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் அவ்விடத்தில் ‘ஹேஸ்’ போட்டே தீரவேண்டும்.